சிவலையும் கட்டுக்கம்பியும்

அன்று காலை எங்களுக்குப் பால்தேத்தண்ணி இல்லை. ஆச்சி வெறும் செம்போடு குசினி வாசலில் நின்றார். "சிவலை பால் விடேல்லை பிள்ளையள். இண்டைக்குப் பிளேன்ரீயைக் குடியுங்கோ" என்றார். முதல்நாள் வரைக்கும் இரண்டு நேரமும் சேர்த்து 5 போத்தல் கறந்த மாடு, ஒரே இரவில் அரைப் போத்தலுக்கு வந்திருந்தது. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிளேன்ரீயைக் குடித்துவிட்டு எட்டு மணி விரிவுரைக்கு ஓடிவிட்டோம்.

நாங்கள் ஐந்து பேர். கலைப்பீடம், மூன்றாம் வருடம். திருநெல்வேலியில் ஆச்சி வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் போர்டிங். ஐந்து பேருக்கும் விஞ்ஞானம் ஓ.எல். உடன் முடிந்துபோன பாடம். சோணையறை மேலே, இதயவறை கீழே என்று படம் கீறி, ஒரு பக்கம் சிவப்பும் மற்றப் பக்கம் நீலமும் தீட்டிப் புள்ளி எடுத்ததோடு சரி. அதற்குப் பிறகு இதயம் என்பது எங்களுக்குக் கவிதைகளில் மட்டும் வருகிற சாமான். இந்தக் கட்டுரையில் இதயத்தைப் பற்றி நாங்கள் சொல்லப்போவதெல்லாம் சிவலைக்கு நோய் வந்தபிறகு அறிந்துகொண்டவை.

ஆச்சி தனி ஆள். எங்களுடைய வாடகையும் சிவலையின் பாலும்தான் அவருடைய வருமானம். மூன்று வீட்டுக்குப் பால் கொடுப்பார். கரண்ட் பில் பால்காசில்தான் கட்டுப்படும். சிவலைக்கு நான்கு மாதத்தில் ஒரு நாகுக்கன்று.

அன்று பின்னேரம் நாங்கள் திரும்பி வந்தபோது சிவலை கொட்டிலின் மூலையில் விறைத்துப்போய் நின்றது. முதுகு வில்லுப்போல வளைந்திருந்தது. முன்னங்கால் முட்டிகளை நெஞ்சிலிருந்து விலக்கி வைத்திருந்தது, கக்கத்தில் கட்டு வந்த ஆள் கையை அகட்டிக்கொண்டு நிற்பதுபோல. பிண்ணாக்குத் தண்ணியை மணந்துபார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. "செமியாக்குணமாக்கும்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. ஓமமும் உள்ளியும் இடித்துக் கொடுத்துப் பார்த்தார்கள்.

அடுத்தநாள் மிருக வைத்தியர் வந்தார். கொஞ்சம் காய்ச்சல் இருக்கிறது, வயிறு சரியாக அசையவில்லை என்று மருந்து கொடுத்தார். மூன்றாம் நாளும் மாடு அப்படியே நின்றதால் மறுபடியும் வந்தார். இந்த முறை அவர் செய்த சோதனை எங்களுக்குப் புதுமையாக இருந்தது. சிவலையின் தோள்மேட்டில் தோலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் கிள்ளினார். சுகமான மாடு என்றால் முதுகைக் கீழே பதிக்குமாம். சிவலை பதிக்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கியது. பிறகு எங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, ஒரு தடியை முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் வயிற்றுக்குக் கீழே குறுக்காகப் பிடித்து, மெல்லத் தூக்கி விடச் சொன்னார். திரும்பவும் அதே முக்கல்.

"அம்மா, வளவுக்குள்ள கம்பி, ஆணி ஏதும் கிடந்ததோ? மாடு விழுங்கியிருக்குமோ?" என்று கேட்டார்.

"எங்கடை வளவிலை என்ன கம்பி டொக்டர்?" என்றார் ஆச்சி.

நாங்கள் ஐந்து பேரும் ஆளையாள் பார்த்துக்கொண்டோம். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அதற்கு இரண்டு மாதத்துக்கு முதல் எங்கள் பிரிவின் நாடகத்துக்கு நாங்கள் ஒரு ஆலமரம் செய்திருந்தோம். மூங்கிலில் நடுத்தண்டு, கட்டுக்கம்பியில் கிளைகள், அதன்மேல் மட்டைப்பெட்டியும் பழைய பேப்பரும் மாப்பசை பூசி ஒட்டியது. ஆச்சி வீட்டு முற்றத்தில் ஒன்பது இரவுகள் இருந்து செய்தோம். நாடகத்துக்கு நல்ல கைதட்டல். மரத்தைத் தனியாகவும் பாராட்டினார்கள். முடிந்தபிறகு அதே முற்றத்தில் போட்டுப் பிரித்தோம். மூங்கிலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற அவசரத்தில் கம்பியைக் குறட்டால் நறுக்கு நறுக்கென்று வெட்டித் தள்ளினோம். பெரிய துண்டுகளைப் பொறுக்கினோம். சின்னத் துண்டுகள் தெறித்துப் போயின, மட்டைகளோடு ஒட்டிக்கொண்டும் போயின. அந்த மட்டையெல்லாம் கொட்டிலுக்குப் பின்னால் குவியலாகக் கிடந்தது. மாப்பசை காய்ந்த மட்டையைச் சிவலை ஆசையாகச் சப்பித் தின்றதைப் பார்த்துச் சிரித்து, வீடியோவும் எடுத்திருந்தோம்.

அந்த வீடியோ எங்களுடைய போனில் இருக்கும்போதுதான் வைத்தியர் கம்பியைப் பற்றிக் கேட்டார்.

எங்களில் ஒருத்தியோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவள் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறாள். அன்று இரவு அவளுக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தோம். "சும்மா அறிய" என்று சொல்லித்தான் கதையைத் தொடங்கினோம். அவள் சும்மா என்று நினைக்கவில்லை. ஒரு மணித்தியாலம் வகுப்பெடுத்தாள்.

ஆடு உதட்டால் தெரிந்து தெரிந்து பொறுக்கித் தின்னும். மாட்டுக்கு அந்த உதடு இல்லை. நாக்கால் வளைத்து இழுத்து, அரைகுறையாகச் சப்பி விழுங்கிவிடும். ஆறுதலாகப் பிறகு அசைபோடலாம் என்பது அதன் கணக்கு. ஆகவே வைக்கோலுக்குள் கம்பி இருந்தால் கம்பியும் உள்ளே போகும். மாட்டின் வயிறு நான்கு அறை. இரண்டாவது அறையின் உட்புறம் தேன்வதைபோல அறை அறையாக இருக்கும். பாரமான பொருள் எது போனாலும் கடைசியில் அங்கேதான் தங்கும். சில மாடுகளின் அந்த அறைக்குள் ஆணி, சில்லறைக் காசு, கல் எல்லாம் வருடக்கணக்காக ஒரு தீங்கும் செய்யாமல் கிடக்குமாம். கூரான கம்பி என்றால் கதை வேறு.

"அந்த வயித்துக்கு முன்னாலை என்ன இருக்குது தெரியுமோ? பிரிமென்தகடு. அதுக்கு அங்காலை?"

எங்களுக்குத் தெரியவில்லை.

"இதயமடி. இடையிலை சில சென்ரிமீற்றர்தான்."

மாட்டின் இதயம் நெஞ்சின் நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, முன்னங்கால் முட்டியின் நேருக்கு உள்ளே இருக்கிறது. எங்களுடையதைப்போல நான்கு அறைதான். ஆனால் பருத்த மாட்டின் இதயம் 2 கிலோவுக்கு மேல் வரும், எங்களுடையது கிட்டத்தட்ட 300 கிராம். ஓய்வாக நிற்கும் மாட்டின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 80 தரம் வரை அடிக்கும். எங்களை வியக்கவைத்த விஷயம் இன்னொன்று. மாட்டின் இதயத்துக்குள் எலும்பு இருக்கிறது. உடம்புக்கெல்லாம் இரத்தம் கொண்டுபோகும் பெருநாடி தொடங்குகிற இடத்தில், வால்வுகளைத் தாங்குகிற வளையத்துக்குள் இருக்கிற சின்ன எலும்பு அது. அவ்வளவு பெரிய இதயம் ஒவ்வொரு அடிக்கும் இழுபடும்போது அந்த இடம் குலையாமல் பிடித்திருக்க அது உதவுகிறது. இதயத்தில் எலும்பு என்று எங்கள் கவிஞர்கள் எவராவது எழுதியிருந்தால் மிகைப்படுத்தல் என்று சொல்லியிருப்போம்.

இதயத்தைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. இதய உறை. அதற்குள் கொஞ்சம் நீர். இதயம் உரசாமல் வழுக்கி அசைவதற்காக. தேன்வதை வயிறு ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருதரம் சுருங்கும். கூரான கம்பி ஒன்று முன்பக்கம் பார்த்து நின்றால், ஒவ்வொரு சுருக்கமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குத் தள்ளும். வயிற்றுச் சுவரைத் துளைத்து, பிரிமென்தகட்டைத் துளைத்து, இதய உறைக்குள் போகும். தனியாகவும் போகாது, வயிற்றில் இருக்கிற கிருமியையும் கொண்டுபோகும். மாடு முதுகை வளைப்பதும் முட்டியை அகட்டுவதும் அந்த இடத்து நோவைக் குறைக்க. படுக்காததும் அதனால்தான்.

"முதலிலேயே பிடிச்சால் காப்பாத்தலாம். காந்தம் குடுக்கலாம், ஒப்பரேசன் செய்து வயித்தைத் திறந்து கம்பியை எடுக்கலாம். இதய உறைக்குள்ள போயிட்டுதெண்டால் கஷ்டம்" என்றாள்.

அன்று இரவே ஆச்சியிடம் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். நாளை சொல்லுவோம் என்றோம். டொக்டருக்கு எப்படியும் சந்தேகம் இருக்கிறதுதானே என்றோம். எங்களுடைய கம்பிதான் என்று யார் சொன்னது, பக்கத்து வளவில் வீடு கட்டுகிறார்கள், வேலி முழுக்க முள்ளுக்கம்பி என்றோம். ஐந்து பேர் இருந்தால் ஐந்து சாட்டு வரும்.

வைத்தியர் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போட்டார். முன்னங்கால் உயரமாக நிற்கும்படி கொட்டிலில் மண் போட்டு மேடு கட்டச் சொன்னார். அப்படி நின்றால் வயிற்றுப் பாரம் பின்னுக்குச் சாயும், கம்பி முன்னுக்குப் போவது குறையலாம். மேட்டை நாங்கள்தான் கட்டினோம். அவ்வளவு ஊக்கமாக நாங்கள் வேறு எந்த வேலையும் செய்ததில்லை. ஆச்சி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ரை பிள்ளையள்" என்றார்.

ஐந்தாம் நாள் சிவலையின் கழுத்து நாளம் கயிறு மாதிரித் தடித்துத் தெரிந்தது. அலைதாடியில் வீக்கம். விரலால் அமர்த்தினால் குழி விழுந்தது. வைத்தியர் இடது முட்டிக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, "கேட்டுப் பாக்கப் போறியளோ?" என்றார்.

முதலில் கன்றின் நெஞ்சில் வைத்துத் தந்தார். லப்-டப். சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலான வால்வுகள் மூடுகிற சத்தம் லப். நாடிகளின் வாசலில் இருக்கிற வால்வுகள் மூடுகிற சத்தம் டப். பாடப்புத்தகத்தில் இருந்ததுபோலவே தெளிவாக, துடியாகக் கேட்டது. பிறகு சிவலையின் நெஞ்சில் வைத்தார். லப்பும் இல்லை, டப்பும் இல்லை. எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள் வாளி அலம்புகிற சத்தம். இதய உறைக்குள் சீழும் நீரும் நிறைந்து, இதயம் அதற்குள் மூழ்கிக் கிடந்தது. உறை நிறைந்தால் இதயம் விரிய இடமில்லை. விரியாத இதயத்துக்குள் இரத்தம் நுழையமுடியாது. நுழையமுடியாத இரத்தம் வந்த வழியிலேயே தேங்கும். அதுதான் கழுத்து நாளம், அதுதான் அலைதாடி வீக்கம். ஐந்து பேரும் மாறி மாறிக் கேட்டோம். கடைசி ஆள் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றியபோது அழுதுகொண்டிருந்தாள்.

அந்த நாட்களில் இரவில் படுக்காமல் மிருகங்களின் இதயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தோம், பேராதனைக்காரியைக் கேள்வி கேட்டே களைக்கப்பண்ணினோம். வாசிக்க வாசிக்க ஒன்று பிடிபட்டது. மிருகங்களுக்கும் வயதால், பிறவியால், கிருமியால் இதய நோய் வரும்தான். ஆனால் வீட்டு மிருகங்களின் இதய நோய்களில் நிறைய இடத்தில் மனிதரின் கை இருக்கிறது. கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் என்ற அழகான சின்ன நாய்க்கு இளம் வயதிலேயே இதய வால்வு தடித்துக் கசியத் தொடங்கும். அந்த முகமும் அந்த அளவும் வேண்டும் என்று சொந்தத்துக்குள்ளேயே இனம் சேர்த்துக்கொண்டு வந்ததில் அந்தக் குறையும் பரம்பரையாக வந்தது. எங்களுடைய கொத்துரொட்டிக்குள் வருகிற பிரொய்லர் கோழி ஐந்தாறு கிழமையில் இறைச்சிக்குத் தயாராகும்படி உருவாக்கப்பட்டது. உடம்பு வளருகிற வேகத்துக்கு இதயமும் சுவாசப்பையும் ஈடுகொடுக்கமுடியாமல், இதயத்தின் வலப்பக்கம் களைத்து, வயிற்றில் நீர் கட்டிச் சாகிற குஞ்சுகள் உண்டு.

திருத்தக்கூடிய கதையும் இருந்தது. பூனைகளுக்கு ஒருகாலத்தில் இதயத் தசை மெலிந்து, பலூன்போல விரிந்து சாகிற நோய் அதிகமாக வந்தது. பூனையின் உடம்பு டோரின் என்ற சத்தைத் தேவையான அளவு தானாக உண்டாக்காது, இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் எடுக்கும். கடைகளில் விற்ற பூனை உணவுகளில் அது போதவில்லை என்பதை 1987 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கம்பனிகள் அதைக் கூட்டிச் சேர்த்தன. அந்தக் காரணத்தால் வந்த நோய் பிறகு அரிதாகிவிட்டது. மனிதர் செய்த பிழையை மனிதரே ஒத்துக்கொண்டு திருத்தியதால் பூனைகள் பிழைத்தன. அதை வாசித்துவிட்டு நாங்கள் ஒருவரோடொருவர் பேசாமல் படுத்தோம்.

லண்டனில் இருக்கிற ஆச்சியின் தம்பி மருந்துச் செலவுக்குக் காசு அனுப்பிவிட்டு வீடியோவில் வந்தார். மாட்டைக் காட்டச் சொன்னார். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, என்ரை நெஞ்சுக்குள்ள இருக்கிற வால்வும் மாட்டின்ரைதான்" என்றார். நாங்கள் பகிடி என்று நினைத்தோம். உண்மைதான். மாட்டின் இதய உறையை எடுத்துப் பதப்படுத்தி, வெட்டித் தைத்து மனிதருக்கு இதய வால்வு செய்கிறார்கள். சிவலைக்குள் எங்கே சீழ் கட்டியிருந்ததோ, அதே சவ்வு. இன்னொரு மாட்டினுடையது லண்டனில் ஒரு நெஞ்சுக்குள் நாளுக்கு ஒரு லட்சம் தரம் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

எட்டாம் நாள் விடியப்புறம் சிவலை செத்துப்போனது. மேட்டில் முன்னங்காலை வைத்தபடியே சரிந்திருந்தது. கன்று பக்கத்தில் நின்றது.

புதைக்கமுதல் வெட்டிப் பார்க்கலாமா என்று வைத்தியர் கேட்டார். ஆச்சி உள்ளே போய்விட்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் நின்று பார்த்தோம். இதய உறை விரல் தடிப்புக்கு வந்திருந்தது. அதைக் கீறியதும் நாற்றத்தோடு நீர் கொட்டியது. உள்ளே இதயத்தின்மேல் திரைந்த பால்போல மஞ்சளாக ஒரு படை. வயிற்றுக்கும் பிரிமென்தகட்டுக்கும் இடையில் சதை ஒட்டிப்போயிருந்த இடத்தில் கைவிட்டுத் தடவி, ஒரு கம்பியை எடுத்தார். சுட்டுவிரல் நீளம். கறுத்திருந்தது. ஒரு நுனி சரிவாக வெட்டுப்பட்டிருந்தது, குறட்டால் வெட்டியதுபோல. இதயத்துக்குள் இருக்கிற அந்த எலும்பைப் பார்க்கவேண்டும் என்று முதல்நாள் எங்களுக்குள் கதைத்திருந்தோம். ஒருத்தியும் கேட்கவில்லை.

பதினொரு நாள் கழித்துத்தான் ஆச்சியிடம் சொன்னோம். விறாந்தையில் அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஆலமரம், கம்பி, வீடியோ எல்லாவற்றையும் சொன்னோம். எங்களில் எவள் தொடங்குவது என்று சீட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தோம்.

"தெரியும்" என்றார் ஆச்சி. "கம்பியைக் கண்ட உடனை தெரியும். அந்த மட்டையளைக் கொட்டிலுக்குப் பின்னாலை போடச் சொன்னது நான்தானே. மழைக்கு உக்கட்டும் எண்டு நினைச்சன். அதிலை கம்பி இருக்கும் எண்டு யோசிக்கேல்லை."

எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போது அவர் கேட்டார்: "அது சரி. டொக்டர் கேக்கேக்கை ஏன் பிள்ளையள் ஒராளும் வாயைத் திறக்கேல்லை?"

கோபமாகக் கேட்கவில்லை. அறிவதற்காகத்தான் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கம்பி தெரியாமல் விட்ட பிழை. வாய் திறக்காதது தெரிந்து செய்தது. மூன்றாம் நாளே சொல்லியிருந்தால் தப்பியிருக்குமா என்று பேராதனைக்காரியிடம் கேட்டோம். அவள் உடனே பதில் போடவில்லை. இரவு பத்து மணிக்கு வந்தது: "தப்பியிருக்குமோ எண்டு சொல்லேலாது. ஆனா நீங்கள் சொல்லியிருக்கலாம்."

கம்பஸில் நாங்கள் அறிக்கை எழுதுகிறோம், பதாகை பிடிக்கிறோம், பொறுப்புக்கூறல் என்ற சொல்லை ஒரு கட்டுரையில் நான்கு தரம் எழுதுகிறோம். ஒரு மாட்டு வைத்தியர் நேரே பார்த்துக் கேட்ட ஒரு கேள்விக்கு, ஐந்து பேர் இருந்தும் ஒருத்தி பதில் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியும் மற்றவள் சொல்லட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு செய்ததைச் சொல்லிவிடுகிறோம், எவருக்காவது பயன்படும். பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து அதன் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, முற்றம், கொட்டில், வேலியோரம் எல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்தோம். மூன்று பின்னேரத்தில் ஒரு பால்மா ரின் நிறைந்தது. எங்களுடைய கட்டுக்கம்பி, கூரை ஆணி, முள்ளுக்கம்பித் துண்டு, ஒரு ஊசியும்கூட. ஹர்த்தாலுக்கு ரயர் எரித்த இடங்களையும் பாருங்கள். ரப்பர் எரிந்து போய்விடும், உள்ளே இருக்கிற மெல்லிய உருக்குக் கம்பி நிலத்தில் கிடக்கும். மாடு மேய்கிற ஊரில் அதைக் கூட்டி அள்ளாமல் வரக்கூடாது.

மாட்டுக் காந்தம் என்று ஒன்று இருக்கிறது. சின்னவிரல் அளவு, வழுவழுப்பான உருளை. மாட்டுக்கு விழுங்கக் கொடுத்தால் அதுவும் தேன்வதை வயிற்றில் போய்த் தங்கி, வருகிற கம்பியை எல்லாம் தன்னோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். சாகும்வரை அங்கேயே இருக்கும். ஒன்றை வாங்குவதற்குக் காசு சேர்த்து வைத்திருக்கிறோம். கன்று இன்னும் சின்னன், ஒரு வயது ஆகட்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதற்குள் எங்களுக்கு இறுதி வருடம் தொடங்கிவிடும். போர்டிங் மாறுவதில்லை என்று ஐந்து பேரும் முடிவெடுத்திருக்கிறோம்.

காலையில் பிளேன்ரீதான். ஆச்சி அதற்கும் இஞ்சி தட்டிப் போட்டுத் தருகிறார்.